தூண்டிலும் கணக்கேடும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்கு 1902ஆம் ஆண்டில் முதன்முறையாக மின்சாரம் வந்தது. அது காவிரி நதி அளித்த மின்சாரம். சிவசமுத்திரத்தில் நதி பாறைகளினின்று வீழும் இடத்தில் மின்னுற்பத்தி நிலையம் அமைக்கப்பட்டு, அங்கிருந்து தங்கவயல் வரை ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பிகள் இழுக்கப்பட்டன. அவ்வளவு தொலைவுக்கு மின்சக்தியைக் கொண்டுசெல்வது அக்காலத்தில் உலகமே வியந்த காரியமாகும். தங்கச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டுவிட்டன. எனினும் அவற்றின் ஆழத்தில் விளக்கேற்றிய நதி தங்கவயல் மக்களுக்கு அந்நியமானதன்று.

அந்த மின்நிலையத்துக்குக் கீழே, மேகதாட்டை நோக்கிக் காவிரி காடுகளுக்கும் பாறைகளுக்கும் இடையே பாய்கிறது. உலகிலுள்ள மிகப் பெரிய கெண்டை வகைகளுள் ஒன்றான மகசீர் மீனுக்கு அப்பகுதி பேர்பெற்றது. அம்மீனைக் காப்பதற்காகத் தூண்டிற்காரர்கள் பல ஆண்டுகள் தொண்டாற்றினர். அத்தொண்டினால் விளைந்த நன்மை எது, அறியாமல் நேர்ந்த தீங்கு எது, இரண்டையும் பிரித்துக் காட்டியது எது என்பவை கிராமப் பணியாளர்களும் ஆசிரியர்களும் அறிந்திருக்க வேண்டிய செய்திகளாகும்.

குளிர்நீர் மீனும் அதன் காவலர்களும்

தூண்டிற்காரர்கள் கூடி நீரோடைகளைக் காக்கும் வழக்கம், மேல்நாடுகளில் பெரும்பாலும் ட்ரௌட் என்னும் மீனைச் சுற்றியே வளர்ந்தது. ட்ரௌட் குளிர்ந்த, தெளிந்த, ஓடும் நீரில் வாழ்வது. நீரின் உஷ்ணம் ஏற ஏற அதில் கரைந்துள்ள பிராணவாயு குறையும். 10 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கக் கூடும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமுக்கு மேல் தங்காது. ட்ரௌட் மீனுக்கு இது போதாது. ஆகவே கோடையில் காயும் கோலார் மாவட்டத்து ஏரிகளில் அம்மீன் வாழ வழியில்லை. தென்னிந்தியாவில் அதற்கு ஏற்ற இடங்கள் நீலகிரி, மூணாறு போன்ற மலையுச்சிகளே.

நீலகிரிக்கும் ட்ரௌட் இயற்கையாக உரியதன்று. 1860-களில் பிரான்சிஸ் டே என்னும் மீனியல் அறிஞர் அதை அங்கே குடியேற்ற முயன்றார், அம்முயற்சி நிலைக்கவில்லை. பின்னர் எச். சி. வில்சன் என்பவரின் முயற்சியால், 1907இல் அவலாஞ்சியில் மீன்முட்டைப் பொரிப்பகம் ஏற்பட்டு, வானவில் ட்ரௌட் என்னும் வகை மலையோடைகளில் நிலைபெற்றது. 1877இல் தோன்றிய நீலகிரி வேட்டைச் சங்கமும், 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டமும், பிடிப்பதற்குக் காலமும் அளவும் வகுக்கும் முறையை அம்மலையில் முன்னரே வேரூன்றச் செய்திருந்தன.

ட்ரௌட் மீனைப் பிடிப்பதற்கு ஒரு தனிக் கலை உண்டு. இறகும் நூலும் கொண்டு பூச்சியைப் போலவே கட்டப்பட்ட செயற்கை ஈயைத் தூண்டில் முனையில் அமைத்து, அதனை நீர்மேல் மெல்ல வீழச் செய்வார்கள். எந்தப் பருவத்தில் எந்தப் பூச்சி நீரினின்று எழுகிறது என்பதை அறியாதவர் இதில் வெற்றி பெற முடியாது. இவ்வறிவே பிற்காலத்தில் நதிக் காவலுக்கு உதவிற்று. இங்கிலாந்தில் தூண்டிற்காரத் தொண்டர்கள் மாதந்தோறும் குறித்த ஓரிடத்தில் மூன்று நிமிஷ நேரம் ஓடையின் அடிக்கற்களைக் காலால் கலக்கி, கீழே வலை பிடித்து, அதில் சேரும் பூச்சிக் குஞ்சுகளை வகைபிரித்து எண்ணுகின்றனர். கழிவு கலந்த நீரில் மென்மையான பூச்சிகள் முதலில் மறையும். எண்ணிக்கை திடீரென வீழ்ந்தால் உடனே அதிகாரிகளுக்கு அறிவிக்கப்படும். 2007 முதல் இம்முறை அந்நாட்டில் ஒழுங்காக நடைபெற்று வருகிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், ஓ சேபிள் நதிக்கரையில், 1959இல் தூண்டிற்காரர் சிலர் கூடி ‘ட்ரௌட் அன்லிமிடெட்’ என்னும் ஸ்தாபனத்தை நிறுவினர். பொரிப்பகத்தில் வளர்த்த மீன்களை ஆண்டுதோறும் நதியில் கொட்டுவதனால் நதி வளம் பெறாது. நதியைச் சீராக வைத்திருந்தால் மீன் தானே பெருகும் என்பது அவர்கள் கொள்கை. பிடிப்பதற்கு மீன் வேண்டும் என விரும்பியவர்களே மீன் கொட்டுவதை எதிர்த்தது அந்நாளில் பலருக்குப் புதிராக இருந்தது. அதன் பொருளைக் காவிரியின் கதை நன்கு விளக்கும்.

காவிரியின் மகசீர்

காவிரியின் மகசீர் முதுகில் திமில் போன்ற புடைப்பு உடையது. 1946இல் கபினி நதியில் வான் இங்கென் என்பவர் தூண்டிலில் பிடித்த மகசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளதாக இருந்தது. இத்தகைய மீனுக்கு ஆழமான மடுவும், வேகமான நீரோட்டமும், முட்டையிடுவதற்குச் சரளைக் கற்கள் நிறைந்த இடங்களும் தேவை. அணைகளால் நீரோட்டம் மாறியதும், மணல் அள்ளப்பட்டதும், திருட்டுத்தனமாக மீன் பிடிப்பதும் அதன் வாழ்வைக் குலைத்தன. எல்லாவற்றிலும் கொடியது வெடிவைத்துப் பிடித்தலாகும். பாறையைப் பிளக்கும் வெடியின் வலிமையைத் தங்கவயல் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நீருக்குள் வெடி வெடித்தால் அதன் அதிர்ச்சி மீனின் காற்றுப்பையைக் கிழித்துவிடும். பெரிய மீனும் குஞ்சும் ஒருங்கே மடியும். மடிந்தவற்றில் பல அடியில் தங்கி எவருக்கும் பயன்படாமல் அழுகும்.

1972இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்குப் பெற்று, அங்கே காவலாளிகளை நியமித்தது. நதிக்கரையில் மாநில அரசின் நிறுவனமும் கலிபோர், பீமேஸ்வரி முதலிய இடங்களில் தூண்டில் முகாம்களை நடத்தியது. முன்னர் களவாக மீன் பிடித்தவர்கள் சிலர் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினர். நதியின் ஒவ்வொரு மடுவையும் அறிந்தவர்கள் அவர்களே.

இங்கு பயன்பட்ட இரை பெரும்பாலும் கேழ்வரகு மாவைப் பிசைந்து வேகவைத்த உருண்டையாகும். பிடிபட்ட மீனை எடை பார்த்து, குறித்துக்கொண்டு, உயிருடன் நதியிலேயே விட்டுவிட வேண்டும் என்பது கட்டாய விதி. விடுவதிலும் முறை உண்டு. உலர்ந்த கையால் மீனைத் தொட்டால் அதன் உடலைப் போர்த்தியுள்ள வழுவழுப்பான பூச்சு நீங்கி நோய் பற்றும். ஆகவே கையை நனைத்துக்கொள்ள வேண்டும். மீனை நீரைவிட்டு நெடுநேரம் வெளியே வைத்திருத்தல் ஆகாது. தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்து, மீன் தன் பலத்தினாலேயே நீந்திச் செல்லும் வரை காத்திருக்க வேண்டும்.

ஏடு கூறிய உண்மை

முகாமில் பிடிபட்ட ஒவ்வொரு மீனும் ஏட்டில் பதிவாயிற்று. நாள், தூண்டிலிட்ட நேரம், மீனின் எடை ஆகியவை எழுதப்பட்டன. எழுதியவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். பொழுதுபோக்காக வந்தவர்களும் முகாம் பணியாளர்களுமே. ஆயினும், கலிபோரில் 1998 முதல் 2012 வரை சேர்ந்த ஏடுகளை விஞ்ஞானிகள் பின்னர் ஆராய்ந்தபோது, இந்நதியின் மீன்வளத்தைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத சான்று அவற்றில் இருப்பது தெரியவந்தது. 23,620 மணி நேரத் தூண்டில் முயற்சியில் 6,161 மகசீர் மீன்கள் பிடிபட்டு விடப்பட்டிருந்தன. சராசரியாக ஒரு மீனுக்கு ஏறத்தாழ மூன்று மணி ஐம்பது நிமிஷம். மிகச் சிறியது ஒரு பவுண்டு. மிகப் பெரியது 104 பவுண்டு.

ஆண்டுகள் செல்லச் செல்லப் பிடிபட்ட மீன்களின் எண்ணிக்கை பெருகியிருந்தது. காவலும், விட்டுவிடும் விதியும் பயன் தந்தன என்பதற்கு இது அறிகுறி. ஆனால் சராசரி எடை குறைந்திருந்தது. சிறிய மீன்கள் பெருகினால் சராசரி எடை குறைவது இயல்பே. அதில் கவலைப்பட ஒன்றுமில்லை எனத் தோன்றலாம். ‘பெருகியது எந்த மீன்?’ என்று கேட்டபோதுதான் கவலை எழுந்தது.

பெருகியது காவிரிக்கே உரிய திமில் மகசீர் அன்று. நீலச்சிறகு மகசீர் என்னும் வேறோர் இனம். அது கிருஷ்ணா நதித் தொகுதியிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்ட மீனாகும். மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் அமைந்த பொரிப்பகத்தில் அதனைச் செயற்கை முறையில் இனவிருத்தி செய்யும் கலை வெற்றி கண்டபின், 1970-கள் தொடங்கி அதன் குஞ்சுகள் பல நதிகளுக்கு அனுப்பப்பட்டன. காவிரிக்கும் அவை வந்தன. மகசீர் குறைந்துவருகிறது, மகசீர்க் குஞ்சுகளை விட்டால் நிறையும் என்று அனைவரும் நல்லெண்ணத்துடனேயே நம்பினர். மகசீர் என்னும் ஒரே பெயருக்குள் பல இனங்கள் அடங்கியுள்ளன என்பதன் முக்கியத்துவம் அன்று தெளிவாக உணரப்படவில்லை. பழைய பதிவுகளில் திமில் மகசீரே நிறைந்திருந்தது. பிற்காலப் பதிவுகளில் அது மிக அருகி, நீலச்சிறகு மகசீரே மேலோங்கியிருந்தது.

இன்னொரு வியப்பும் உண்டு. உலகெங்குமுள்ள தூண்டிற்காரர்கள் நூறாண்டுக்கு மேலாக அறிந்திருந்த திமில் மகசீருக்கு, விஞ்ஞான முறைப்படி உறுதியான பெயர் கூட இல்லாமலிருந்தது. காவிரியின் கிளைநதியான பாம்பாற்றிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட ‘டோர் ரெமாதேவி’ என்னும் இனமும் இதுவும் ஒன்றே என்பது, மோயாற்றில் எஞ்சியிருந்த மீன்களையும் ஆராய்ந்தபின் 2018இல்தான் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில், முற்றும் அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் வரிசையில் அது சேர்க்கப்பட்டது. பெயர் இல்லாத பொருளைச் சட்டமும் காக்க இயலாது. பட்டியலும் ஏற்க இயலாது.

திமில் மகசீரின் வீழ்ச்சிக்கு வந்தேறி இனம் ஒன்றே காரணம் என்று கூறுவதற்கில்லை. அணை, வெடி, மணல் அள்ளுதல் ஆகிய யாவும் சேர்ந்தே அதனை நலித்தன. ஆயினும் ஏட்டைப் புரட்டாதிருந்தால், ‘மகசீர் பெருகிவிட்டது’ என்ற மகிழ்ச்சியிலேயே ஓர் இனம் கண்ணெதிரே மறைந்திருக்கும். காவிரி வனவிலங்குச் சரணாலயத்தினுள் தூண்டில் இடுவது 2012இல் நின்றுபோயிற்று. கலிபோர் ஏட்டின் பதிவுகளும் அவ்வாண்டோடு முடிவுற்றன. சரணாலயத்தில் எவ்வுயிரையும் துன்புறுத்தலாகாது என்பது நியாயமே. எனினும் தூண்டிற்காரரும் ஏடும் இல்லாத நதியில் மீன்களின் நிலையை அறிய வேறு ஏற்பாடு வேண்டும் என்பதும் நியாயமே.

கணக்கிடும் முறை

இதனை வகுப்பில் விளக்குவதற்கு ஒரு சிறு கற்பனைக் கணக்குப் போதும். ஓர் ஏரியில் முதல் ஆண்டு மூவர், நான்கு மணி நேரம் தூண்டிலிட்டு, 18 மீன்கள் பிடித்தனர் எனக் கொள்க. மறு ஆண்டு ஐவர், ஆறு மணி நேரத்தில், 30 மீன்கள் பிடித்தனர். மீன் பெருகிற்றா?

முதல் ஆண்டின் முயற்சி, மூவரும் சேர்ந்து 12 மணி நேரம். ஆகவே மணிக்கு ஒன்றரை மீன். மறு ஆண்டின் முயற்சி 30 மணி நேரம். ஆகவே மணிக்கு ஒரு மீன். எண்ணிக்கை ஏறியிருப்பினும், கிடைக்கும் வீதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. முயற்சி நேரத்தை எழுதாத கணக்கேடு இவ்வுண்மையை மறைத்துவிடும்.

இனி, முதல் ஆண்டின் 18 மீன்களில் 12 உள்நாட்டுக் கெண்டை, 6 ஜிலேபி மீன் எனவும், மறு ஆண்டின் 30 மீன்களில் 8 கெண்டை, 22 ஜிலேபி எனவும் கொள்க. கெண்டை கிடைத்த வீதம் மணிக்கு ஒன்றிலிருந்து, நான்கு மணிக்கு ஏறத்தாழ ஒன்றாக வீழ்ந்துவிட்டது. ஜிலேபியின் வீதமோ மணிக்கு அரையிலிருந்து முக்காலுக்கு அருகே ஏறியுள்ளது. இனத்தை எழுதாத கணக்கேடு இதனை மறைத்துவிடும். ஆகவே, எத்தனை, எவ்வளவு நேரத்தில், எந்த இனம், என்ன அளவு என்ற நான்கு கேள்விகளுக்கும் ஏட்டில் விடை இருத்தல் வேண்டும். ஒன்றும் பிடிபடாத நாளையும் தவறாமல் எழுத வேண்டும். வெறுங்கையுடன் திரும்பிய நாள்களை விட்டுவிட்டால் நதி உள்ளதைவிட வளமாகத் தோன்றும்.

தங்கவயலில் செய்யத்தக்கவை

தங்கவயலுக்கு அருகே காவிரி இல்லை, பாலாறு உண்டு. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு, மழைக்காலத்திலேயே ஓடும். அதன் குறுக்கே அமைந்த பேத்தமங்கலம் ஏரி, சுரங்க நகரத்துக்குக் குடிநீர் அளித்து வந்தது. அதுபோன்ற ஏரிகளில் ஆசிரியர்களும் பணியாளர்களும் பின்வரும் காரியங்களைத் தொடங்கலாம்.

முதலாவது, ஏரியின் மீன்பட்டியல். மீன் பிடிப்போரின் கரைக்கே சென்று, அன்றன்று வலையில் வந்த கெண்டை, கெளுத்தி, விரால், ஆரால் முதலியவற்றை அவர்கள் வழங்கும் தமிழ், கன்னட, தெலுங்குப் பெயர்களுடன் எழுதிக்கொள்ளலாம். மும்மொழியும் வழங்கும் அவ்வட்டாரத்தில் ஒரே மீனுக்குப் பல பெயரும், பல மீனுக்கு ஒரே பெயரும் இருப்பதைக் காணலாம். அளவுகோலுடன் சேர்த்து எடுத்த புகைப்படம் ஐயத்தைத் தீர்க்க உதவும். முதியவர்களைக் கேட்டு, முன்பு கிடைத்து இப்போது கிடைக்காத மீன்களின் பெயர்களைத் தனியே குறிப்பது மிகப் பயனுடையது.

இரண்டாவது, நீரோரப் பூச்சிகளின் கணக்கு. மேல்நாட்டு ஓடைமுறை இங்கு அப்படியே பொருந்தாது. மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே அளவுள்ள கைவலையால், ஒரே அளவு நேரம் கரையோரத்தைத் துழாவி, தட்டான் குஞ்சு, நீர்வண்டு, நத்தை, செந்நிறப் புழு ஆகியவற்றை எண்ணிவிட்டு நீரிலேயே விட்டுவிட வேண்டும். இடமும் வலையும் நேரமும் மாறினால் ஒரு மாதத்தின் கணக்கை மற்றொரு மாதத்துடன் ஒப்பிட முடியாது. சுரங்கக் கழிவு மண் குவிந்துள்ள சயனைடு மேடுகளிலிருந்து மழைநீர் வடியும் கால்வாய்களில் மாணவர்களை இறக்குதல் கூடாது. அங்கு நீரின் நிறத்தையும், அது எங்கே சென்று சேர்கிறது என்பதையும் தூரத்திலிருந்து கண்டு எழுதினாலே போதும்.

மூன்றாவது, செய்யாதிருக்க வேண்டிய காரியம். விழா நாள்களில் மீன்குஞ்சு விடுவது எளிது. பார்ப்பதற்கும் மகிழ்ச்சி தருவது. ஆனால் எந்த இனம், எங்கிருந்து வந்தது என அறியாமல் எந்த நீரிலும் குஞ்சு விடலாகாது. கண்ணாடித் தொட்டியில் வளர்த்த அலங்கார மீன்களையும் ஏரியில் விடக் கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி போன்ற இனங்களை வளர்ப்பதே நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. உள்ளே விட்ட மீனைத் திரும்ப எடுக்க எந்த வலையாலும் இயலாது என்பதை மாணவர்கள் மனத்தில் பதியச் செய்ய வேண்டும்.

ஏரி மீன்களின் உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். ஆகவே குத்தகைதாரர், ஊராட்சி, மீன்துறை ஆகியோரின் இசைவைப் பெற்ற பிறகே எவ்வேலையையும் தொடங்க வேண்டும். சரணாலய எல்லைக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைதலும் தூண்டிலிடுதலும் குற்றமாகும். மாணவர்கள் கரையோரம் நிற்கும்போது நீச்சல் அறிந்த பெரியவர் ஒருவர் உடனிருத்தல் அவசியம்.

இதற்கு வேண்டிய கருவிகள் ஒரு கைவலை, ஓர் அளவுகோல், ஒரு வெப்பமானி, ஒரு தடித்த ஏடு. ஏட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நாள், இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஆள்களின் எண்ணிக்கை, நீரின் உஷ்ணம், இனம், எண்ணிக்கை, நீளம், எழுதியவர் பெயர் எனப் பத்துப் பத்திகள் வரைந்துகொள்ளலாம். ஓராண்டு ஏட்டினால் பெரிதாக ஒன்றும் விளங்காது. ஐந்தாண்டு, பத்தாண்டு சேர்ந்த ஏடே பேசத் தொடங்கும். ஆகையால் ஆசிரியர் மாறுதலாகிச் செல்லும்போது, ஆய்வுக்கூடச் சாவியுடன் இந்த ஏட்டையும் அடுத்து வருபவரிடம் ஒப்படைத்து, பெற்றதற்கு அவரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்வது நல்லது.